வலக்கை நகங்கள்

அக்காவின் வீட்டு மேசையில் தடித்த கண்ணாடியால் ஆன சின்னக் கிண்ணம் ஒன்று இருக்கும். அவித்த முட்டை ஒன்று உட்காரும் அளவுதான். உள்விளிம்பில் வெள்ளையாக ஏதோ உறைந்து படிந்திருக்கும், எத்தனை முறை தேய்த்தாலும் போகாது. அக்கா அதில் நிறமில்லாத ஒரு திரவத்தைக் கொஞ்சமாக ஊற்றியதும் வீடு முழுக்க ஒரு நெடி எழும்பும். பெயின்ட் கடையும் பல் வைத்தியரின் அறையும் ஒன்றாகச் சேர்ந்த நெடி. மூக்கு வழியாகப் போய் நேரே நெற்றிக்குள் உட்கார்ந்துகொள்ளும். சென்ற மாதம் மச்சானின் சாவு வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே, மெழுகுவர்த்திப் புகைக்கும் பூ வாசனைக்கும் அடியில் அந்த நெடி எனக்குப் பிடிபட்டுவிட்டது. இருபது வருடங்களுக்குப் பிறகும் என் வலக்கை விரல்கள் தாமாகவே மடங்கிக்கொண்டன.

மச்சான் என்றால் அக்காவின் கணவர். போர் நடந்த அந்தக் காலத்தில் மாத்தளையில் கிட்டார் வாசிக்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவர்களில் அநேகர் பிளாஸ்டிக் வில்லை ஒன்றைப் பிடித்துக்கொண்டு தந்திகளை மேலும் கீழும் கரகரவென்று அடிப்பார்கள். நானும் மச்சானும் நைலோன் தந்தியை விரலால் மீட்டுகிறவர்கள். மாதா கோவில் பாடற்குழுவில் தொடங்கி, கலியாண வீடுகளுக்குப் போய், கடைசியில் தம்புள்ளைப் பக்கத்தில் வெளிநாட்டுக்காரர் தங்கும் ஒரு ஹோட்டலில் இராச்சாப்பாட்டு நேரத்தில் வாசிக்கும் வரைக்கும் வந்திருந்தோம். எங்கள் இருவருக்கும் அதில் கர்வம் உண்டு. இரண்டு கிட்டார்கள் ஒன்றாகப் பேசுகிற மாதிரி இருக்கிறது என்று ஒரு வெள்ளைக்காரக் கிழவி சொன்னதை மச்சான் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

விரலால் மீட்டுகிறவனுக்கு வலக்கையில் நான்கு நகங்கள் வேண்டும். சின்னவிரலுக்கு மட்டும் விடுமுறை. சதையைத் தாண்டி ஓர் அரிசியின் தடிப்புக்கு நகம் நிற்க வேண்டும். கூடினால் தந்தியில் மாட்டும், குறைந்தால் சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவது போல மந்தமாக வரும். எனக்கு அந்த அரிசித் தடிப்பு வாய்த்ததே இல்லை. பகலில் நான் ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்தேன். ஆணி நிறுப்பதும் சீமெந்து மூட்டை புரட்டுவதும் என்று இருந்தால் எந்த நகம் நிற்கும்? பிங்பொங் பந்தை வெட்டி, பசை பூசி நகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு பூசைக்குப் போவேன். ஒருமுறை நற்கருணைப் பாட்டின் நடுவில் பெருவிரல் துண்டு கழன்று பறந்து பாடற்குழுப் பெண்களின் காலடியில் விழுந்தது. அன்று அக்கா வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"என்னடா தம்பி இது கோலம். நான் கலியாணப் பொண்ணுங்களுக்கு வைக்கிற நகம் கல்லு மாதிரி நிக்கிது. நீ பந்த வெட்டி ஒட்டிக்கிட்டுத் திரியிற. வா, கைய நீட்டு."

அக்கா மணப்பெண் அலங்காரம் செய்கிறவள். கொழும்பில் பழகியவள். ஊரில் அக்ரிலிக் நகம் என்ற சொல்லையே பலர் கேட்டிராத காலத்தில் அவளிடம் அதற்கான மாவும் திரவமும் தூரிகையும் இருந்தன. முதலில் நகத்தின் மினுக்கத்தை அரத்தால் மெல்ல எடுத்துவிடுவாள். நுனிக்கு அடியில் கடதாசி அச்சொன்றைச் செருகுவாள். தூரிகையைக் கிண்ணத்துத் திரவத்தில் நனைத்து வெள்ளை மாவில் தொட்டால், நுனியில் பாசிமணி அளவில் ஓர் உருண்டை திரளும். அதை நகத்தில் வைத்து, அது இறுகுவதற்குள் தட்டி, இழுத்து, சரித்து ஒரு வடிவத்துக்குக் கொண்டுவருவாள். காய்ந்த பிறகு அரத்தால் ராவி, மான்தோல் துண்டால் கண்ணாடியாகும் வரை தேய்ப்பாள். மணப்பெண்ணுக்கு வைக்கிற மாதிரி இல்லை இது. தந்தி எந்தப் பக்கத்தால் வழுக்கிப் போகிறது என்று என்னை வாசிக்கச் சொல்லிக் காதால் கேட்டு, அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் சாய்த்து ராவுவாள். ஒரு தந்தியைக்கூட மீட்டத் தெரியாத அக்காவுக்கு என் சத்தம் எந்த இடத்தில் சொரசொரக்கிறது என்று தெரிந்திருந்தது.

முதல் நாள் மச்சான் என்னைக் கண்டபடி கேலி செய்தார். பூவும் வைத்துவிடு, பொட்டும் வைத்துவிடு என்றார். அடுத்த ஞாயிறு பூசையில் என் கிட்டார் மணி போல ஒலித்ததும் பேச்சு நின்றது. அதற்கடுத்த சனிக்கிழமை அவரும் வந்து மேசையில் கையை வைத்துவிட்டார். அப்படித்தான் அந்த வழக்கம் தொடங்கியது. நகம் வளரவளர, அடியில் தோலோரத்தில் ஓர் இடைவெளி விழும். இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை அந்த இடைவெளியை மாவால் நிரப்ப வேண்டும். அந்தச் சனிக்கிழமைப் பின்னேரங்களில் நாங்கள் இருவரும் மேசையின் இரு பக்கமும் கை நீட்டி உட்கார்ந்திருப்போம். அக்கா எங்கள் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே ஏசுவாள். அவளுக்கு இரண்டு சட்டங்கள் இருந்தன. நகத்தைப் பிடித்து இழுத்துக் கழற்றக்கூடாது, சொந்த நகமும் உரிந்துகொண்டு வரும். ஓரம் கிளம்பி உள்ளே தண்ணீர் போனால் மேலே பூசி மறைக்கக்கூடாது. "ஈரத்த மூடுனா பச்ச புடிச்சிரும்" என்பாள். என் வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த நாட்கள் எவை என்று யாராவது கேட்டால் அந்தச் சனிக்கிழமைகளைத்தான் சொல்வேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக இருக்கிறது.

ஒரு நத்தார்ப் பண்டிகைக் காலத்தில் ஹோட்டல்காரர்கள் எங்களைப் புதுவருடம் தாண்டும் வரை அங்கேயே தங்கி வாசிக்கக் கேட்டார்கள். இடையில் நகம் நிரப்ப அக்கா வர முடியாது. அதனால் மச்சானுக்கு அந்த வேலையைப் பழக்கி, சாமான்களை அவருடைய நீலப் பைக்குள் தானே அடுக்கிக் கொடுத்தாள். பெரிய போத்தல்கள் உடைந்துவிடும் என்று திரவத்தை ஓர் இருமல் மருந்துப் போத்தலிலும், மாவை ஒரு பழைய மாத்திரைக் குப்பியிலும் மாற்றினாள். மேலே ஒட்டியிருந்த தாளைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துச் சுத்தமாக உரித்துவிட்டாள், யாராவது மருந்தென்று குடித்துவிடக்கூடாதாம். பெயரில்லாத வெள்ளைத் தூளும் பெயரில்லாத நெடியடிக்கும் தண்ணீரும் அந்தக் காலத்தில் ஒரு தமிழனின் பைக்குள் இருந்தால் என்னவாகும் என்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கு அது நகம், அவ்வளவுதான்.

தம்புள்ளைக்குப் போகும் வழியில், நாலந்தாவுக்கு இப்பால் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். பைகளை ஒரு நீள மேசையில் வைத்துவிட்டு ஒதுங்கி வரிசையாக நிற்க வேண்டும். எங்கள் கிட்டார்கள் முந்தின நாளே ஹோட்டல் வேனில் போய்விட்டன. ஓர் இளம் சிப்பாய் நீலப் பையைத் திறந்தான். குப்பியைக் குலுக்கினான். போத்தலைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு முகத்தை இழுத்துக்கொண்டான். பிறகு யாருடைய பை என்று சிங்களத்தில் கேட்டான். மச்சான் சொல்லட்டும் என்று நான் சும்மா நின்றேன். அவருக்கு என்னைவிட நல்ல சிங்களம் வரும்.

"மல்லிகே," என்றார் மச்சான். தம்பியுடையது.

சிப்பாய் என் கையைப் பிடித்துத் திருப்பினான். வலக்கையில் நான்கு நீண்ட நகங்கள், இடக்கை மொட்டை. ஏன் இப்படி என்றான். கிட்டாருக்கு என்றேன். நான் மச்சானைப் பார்த்தேன். அவர் தன் கையை நீட்டிக் காட்டினால் போதும். இரண்டு பைத்தியக்காரர்கள் என்று சிரித்து அனுப்பியிருப்பார்கள். மச்சானின் வலக்கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது. பயத்தில் இருக்கிறார், கொஞ்சத்தில் எடுப்பார் என்று நினைத்தேன். என்னை ஜீப்பில் ஏற்றும்போது அவர் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார், இடக்கையால் கம்பியைப் பிடித்தபடி.

என்னை விசாரித்த அதிகாரி கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார். விரலால் வாசிக்கிறவர்களுக்கு இந்த நகம் வேண்டும், அக்காதான் வைத்துவிடுகிறாள், மச்சானுக்கும் இதே நகம் இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்றேன். மறுநாள் பின்னேரம் திரும்பி வந்து எதிரில் உட்கார்ந்தார். உன் மச்சான் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார், அவரும் கிட்டார் வாசிக்கிறவர்தான், கையைப் பார்த்தேன், அப்படி நகம் இல்லை என்றார். உன் அக்காவைக் கேட்டேன், மணப்பெண்களுக்கு மட்டும்தான் வைப்பேன், ஆம்பிளைகளுக்கு வைத்ததே இல்லை, அந்தச் சாமானைத் தம்பி எப்போது எடுத்தான் என்று தெரியாது என்கிறாள் என்றார்.

நான் நம்பவில்லை. என்னை உடைப்பதற்காக அவர் இட்டுக்கட்டுகிறார் என்றே நினைத்தேன். மச்சான் வேண்டுமானால் பயந்தவர், அக்கா அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டாள் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். உள்ளே இருந்த நாட்கள் முழுக்க அந்த நம்பிக்கையைத்தான் தின்று கிடந்தேன். கூட இருந்தவர்கள் என் நகங்களைக் காட்டிச் சிரித்தார்கள், முதுகு சொறியக் கூப்பிட்டார்கள். தோலோரத்து இடைவெளி நாளுக்கு நாள் அகன்றது. நிரப்ப ஆளில்லை. ஓரங்கள் கிளம்பி, குளிக்கும் தண்ணீர் உள்ளே போனது. வெளியே போனதும் அக்கா என்ன ஏச்சு ஏசப் போகிறாளோ என்று நினைத்து எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

கொழும்புக்குப் பரிசோதனைக்கு அனுப்பிய தூள், பல் கட்டுகிற இடங்களில் பாவிக்கிற சாமான் போன்றது என்று பதில் வந்தது. எங்கள் மாதா கோவில் பங்குச் சுவாமியும் எனக்காக நடையாய் நடந்தார். என்னை விட்டார்கள். நேரே அக்கா வீட்டுக்குத்தான் போனேன். அவள் கட்டிப்பிடித்து அழுதாள், சோறு போட்டாள். மச்சான் தண்ணீர்க் குவளையை என் பக்கம் நகர்த்தி வைத்தார். அப்போதுதான் அவர் கையைப் பார்த்தேன்.

நான்கு நகங்களிலும் அடியில் புது நகம் வளர்ந்திருந்தது. அதற்கு மேல் படிக்கட்டு போல மெல்லிய படி ஒன்று. படிக்கு மேலே இருந்த பழைய நகம் மெலிந்து, ஒரு வரிகூட இல்லாமல் பளபளத்தது. பயந்துபோன ஒருவன் பஸ்ஸில் வைத்துப் பிய்த்து எறிந்த நகம் அப்படி இருக்காது. வெள்ளை வெள்ளையாக உரிந்து, குழி விழுந்து கிடக்கும். இது ஆற அமர ஊறவைத்து, வழித்து எடுத்து, மான்தோலால் தேய்த்த நகம். எங்கள் ஊரில் அப்படித் தேய்க்கத் தெரிந்த கை ஒன்றுதான் இருந்தது.

சாப்பிட்டு முடிந்ததும் அக்கா என்னை மேசைக்குக் கூப்பிட்டாள். பஞ்சை அசிட்டோனில் நனைத்து விரல்நுனிகளில் வைத்து, சிகரெட் பெட்டி ஈயத்தாளால் ஒவ்வொன்றாகச் சுற்றினாள். ஊறிய நகத்தைக் குச்சியால் வழித்தபோது நடுவிரலில் பச்சை தெரிந்தது.

"பச்ச புடிச்சிருக்கு," என்றாள்.

"அக்கா, மச்சானுக்கும் நீதான் எடுத்துவிட்டியா?"

அவள் தலையைத் தூக்கவில்லை. குச்சி மட்டும் ஒரு கணம் நின்றது.

"கைய ஆட்டாத," என்றாள்.

என் கை ஆடவில்லை. நான் மேசை மேல் வைத்த கை வைத்தபடியே இருந்தது. அவள் வேலையை முடித்து, எண்ணெய் தடவி, நான்கு நகங்களையும் தேய்த்துப் பளபளக்க வைத்தாள். இரண்டு கைகளும் இப்போது ஒரே மாதிரி ஆகிவிட்டன, அவருடையதும் என்னுடையதும்.

அக்காவுக்காக எனக்குள் நானே எத்தனையோ தடவை வாதாடிப் பார்த்திருக்கிறேன். இரண்டு சின்னப் பிள்ளைகள். மச்சானுக்கு அரசாங்க வேலை. இரண்டு பேரும் உள்ளே போனால் அவள் யாரிடம் போய் நிற்பாள்? அதெல்லாம் சரி. புருஷன் கையை மறைத்ததைக்கூட நான் விழுங்கிவிடுவேன். ஆனால் தம்பிக்கு நகம் வைத்தது நான்தான், அவன் கிட்டார் வாசிக்கிறவன் என்று ஒரு வசனம் சொல்லியிருக்கலாமே. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி பை யாருடையது என்று வரும் என்பதால்தான் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் மனம் ஆறவில்லை. நான் அந்த வீட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். அவளும் ஏன் என்று கேட்கவில்லை. மச்சான் அதன் பிறகு பிளாஸ்டிக் வில்லை பிடித்துத்தான் வாசித்தார் என்று கேள்வி. நான் வெறும் சதையால் வாசிக்கப் பழகினேன். சத்தம் மந்தம்தான். கோவிலுக்கு அது போதும்.

சென்ற மாதம் அந்த நெடியைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனேன். மச்சானை வெள்ளைச் சட்டை போட்டுக் கிடத்தியிருந்தார்கள். நெஞ்சின் மேல் இடக்கை கீழும் வலக்கை மேலுமாக வைத்து, செபமாலை சுற்றியிருந்தது. அந்த வலக்கையில் நான்கு நகங்கள். சதையைத் தாண்டி ஓர் அரிசித் தடிப்பு. தந்தி வழுக்கிப் போகிற பக்கம் சாய்த்து ராவி, மான்தோலால் தேய்த்தது. வருகிறவர்கள் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். கிட்டார்காரரின் கை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அன்று ஓர் அதிகாரிக்குக் காட்டுவதற்கு இல்லாமல் போன நகங்களை இன்று ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

அக்கா பக்கத்தில் வந்து நின்றாள். நன்றாகக் கிழண்டிருந்தாள். அந்த வயதில் எப்படி அவ்வளவு நேர்த்தியாக வைத்தாள் என்று தெரியவில்லை. அறை மூலையில் அதே மேசை, அதன் மேல் அதே கிண்ணம், அடியில் கொஞ்சம் திரவம் இன்னும் மீதி இருந்தது.

"அவரு ஆசப்பட்டாரு தம்பி. வாசிக்கிற கையோடதான் போகணும்னு சொன்னாரு." அவர் கையிலிருந்த செபமாலையைச் சரிசெய்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஒன் நகமெல்லாம் எப்பிடி இருக்கு? சாமானும் மிச்சம் இருக்கு. கைய குடு, பாப்போம்."

அவள் உள்ளங்கையை விரித்து நீட்டிக்கொண்டு நின்றாள். நான் என் வலக்கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.