அக்காவின் பெயரில் ஒரு கார்

என் அக்காவைப் படிக்கப் போகவிடாமல் செய்தவர் என் மாமா. ஆமிக்காரன் செய்யவில்லை, இயக்கம் செய்யவில்லை, வறுமையும் செய்யவில்லை. அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன் செய்தார். இன்றைக்கும் எங்கள் ஊர் தன்னாமுனையில் நாலு பேர் கூடினால் அந்த வெள்ளைக் காரின் கதையைச் சொல்லத் தொடங்கிவிடுவார். சண்டைக் காலத்தில் ஊருக்கு உதவ ஒரு கார் ஓடியதாம், அதை அவர்தான் ஓட்டினாராம், எத்தனையோ பிள்ளைகள் அந்தக் காரால் ஆஸ்பத்திரியில் பத்திரமாகப் பிறந்தார்களாம். எல்லாம் உண்மை. ஆனால் கார் அவருடையதல்ல. அக்காவின் பெயரில் இருந்தது. அதை மட்டும் அவர் எந்த இடத்திலும் சொன்னதில்லை. ஆகவே நான் சொல்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா சவூதியில் வேலை செய்தார். அம்மாவுக்கு முட்டு வருத்தம். மாரி தொடங்கி வாவிப் பக்கமிருந்து ஈரக் காற்று அடிக்கத் தொடங்கினால் அவளுக்கு மூச்சு இழுத்துவிடும். ஆஸ்பத்திரி மட்டக்களப்பில். பஸ் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. ஓட்டோக்காரர்கள் ஆமி றோட்டை மறித்துச் சோதிக்கும் சென்றியில் மணிக்கணக்காக நிற்கப் பயந்து வரமாட்டார்கள். ஒருநாள் பகலில் அம்மாவுக்கு உதடு நீலமாகிவிட்டது. மாமா அவளைச் சைக்கிள் கரியரில் இருத்தித் துணியால் தன் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மிதித்தார். சென்றியில் இறக்கி, நடத்தி, மறுபடி ஏற்றினார். அம்மா பிழைத்தாள். செய்தி அறிந்த அப்பா, ஒரு வாகனம் வாங்குங்கள், எதை வாங்குவதென்று மச்சான் முடிவெடுக்கட்டும் என்று கடிதம் போட்டார்.

மாமா றோட்டுக் கந்தோரில் ஓவசியராக இருந்தவர். ஒரு மதகுக்குச் சாந்து பூசுவதென்றாலும் கடதாசியில் எழுதாமல் தொடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில் பூசை முடிந்து வந்ததும் எங்கள் வீட்டு மேசையில் ஒரு கடதாசியை விரித்து நடுவில் கோடு போட்டார். ஒரு பக்கம் நன்மை, மறுபக்கம் தீமை. என் எழுத்து வடிவு என்று பென்சிலை என்னிடம் தந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சம்மனசுகளின் கணக்கப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பக்கத்து வளவுப் பெரியம்மாவும் வந்துவிட்டாள். பெரியம்மா அம்மாவுக்கு மூத்தவள், மாமாவுக்கு இளையவள். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் வயலும் பெண்பிள்ளைகளுக்குத்தான் எழுதப்படும். ஆண்பிள்ளைகள் கல்யாணம் முடித்து மனைவியின் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதனால் அக்கா தங்கச்சிமார் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சாகும்வரை இருப்பார்கள். மாமா மூன்று ஒழுங்கை தள்ளி மாமியின் வீட்டில் இருந்தார். இருந்தாலும் தங்கச்சிமார் வீட்டில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் அவரைக் கேட்டுத்தான் அடிப்பார்கள்.

முதலில் வான் வண்டியைப் பற்றிப் பேசினார்கள். வானில் அம்மாவைப் படுக்கவைத்துக் கொண்டு போகலாம். ஆனால் வான் என்றால் ஆமி, இயக்கம் இரண்டு பக்கமும் கேட்பான், கொடுத்தால் திரும்பி வராது என்றார் மாமா. தீமை. பழைய கார் விலை குறைவு. ஆனால் உடைந்தால் சாமான் கொழும்பிலிருந்து வரவேண்டும், சாமானைச் சென்றியில் மறிப்பான். அதுவும் தீமை. கடைசியில் புதுச் சின்னக் காருக்கு வந்தார்கள். இந்தியாவிலிருந்து அப்போதுதான் இறங்கத் தொடங்கியிருந்தது. கொஞ்சப் பெற்றோலில் நிறைய ஓடும். ஒழுங்கைக்குள் திரும்பும். புதிது என்பதால் சில வருடத்துக்குக் கராஜ் பக்கம் போகத் தேவையில்லை.

"எல்லாத்தையும் விடப் பெரிய நன்மை ஒண்டு இருக்கு," என்றார் மாமா. "இவ்வளவு சின்னக் காரை ஒருத்தனும் பறிக்கமாட்டான். துவக்கோட நாலு பேர் ஏறினா கதவு பூட்டாது."

அதை அப்படியே எழுதட்டா என்று கேட்டேன். எழுதாதே, யாராவது எடுத்து வாசித்தால் வம்பு, 'சிறியது' என்று மட்டும் எழுது என்றார்.

பெரியம்மாவுக்குக் காரே பிடிக்கவில்லை. ஒழுங்கை மணலில் புதையும், உப்புக் காற்றில் கறள் பிடிக்கும், சவூதிக் காசு இருக்கிறது என்று ஊருக்கு மணி அடித்துச் சொன்ன மாதிரி ஆகும் என்று சொல்லிக்கொண்டே போனாள். நான் தீமைப் பக்கத்தை நிரப்பிக்கொண்டே போனேன்.

"அந்தக் காசுக்கு மாடு வாங்கினா பாலாவது கறக்கலாம்," என்றாள்.

"முட்டு வந்தா மாட்டில ஏத்தி அனுப்பட்டா இவளை?" என்றார் மாமா.

அம்மா சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்தது. இருமல் ஓய வெகுநேரம் பிடித்தது. அதோடு முடிவாகிவிட்டது.

யாருடைய பெயரில் வாங்குவது என்ற கேள்வி மட்டும் மிஞ்சியது. அதற்கு யாரும் நன்மை தீமை பார்க்கவில்லை. வீடு மூத்த மகளுக்கு என்றால் காரும் மூத்த மகளுக்கு. அம்மாவின் பெயரில் வாங்கிப் பிறகு மகளுக்கு மாற்றுவது வீண் செலவு என்றார் மாமா. அக்கா அப்போது தேத்தண்ணித் தட்டோடு நின்றாள். பத்தொன்பது வயது. பல்கலைக்கழகம் போக ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு றிசல்ற்ஸ் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எண்ட பேரில வேணாம் மாமா," என்றாள். "எனக்குக் கம்பஸ் கிடைச்சா நான் இஞ்ச இருக்கமாட்டன்தானே."

"நீ போனா கார் அழுமா மனே? வரும்வரைக்கும் நிக்கும்."

நான் பென்சிலைத் தீமைப் பக்கத்துக்குக் கொண்டுபோனேன். மாமா விரலால் தடுத்தார். அது தீமை இல்லை, எழுதாதே என்றார். எனக்கும் அது வசதியாக இருந்தது. நன்மைப் பக்கம் ஏற்கனவே தோற்றுக்கொண்டிருந்தது, எனக்குக் கார் வேண்டும்.

கார் வந்தது. மாமா கொழும்புக்குப் போய் ஓட்டிக்கொண்டு வந்தார். சுவாமியார் தீர்த்தம் தெளித்தார். பெரியம்மா முதல் ஆளாக ஏறி உட்கார்ந்து, சீற் சின்னதென்று குறை சொல்லிக்கொண்டு இறங்காமல் இருந்தாள்.

சில மாதம் நல்லபடி ஓடியது. பிறகு ஒரு சட்டம் வந்தது. வாகனப் புத்தகத்தில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவர் வாகனத்துக்குள் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் சென்றியைத் தாண்ட விடமாட்டார்கள். யார் போட்ட சட்டம் என்று யாருக்கும் தெரியாது. முதல் நாள் மாமா தனியாகப் போய்த் திரும்பி வந்தார். இரண்டாம் முறை அக்காவையும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஒரு சின்ன வயது ஆமிக்காரன் புத்தகத்தை விரித்தபடி, "அயித்திக்காரயா கோ?" என்றான். சொந்தக்காரன் எங்கே என்று கேட்கிறான். மாமா முன் சீற்றில் இருந்த அக்காவைக் காட்டினார். அவன் அக்காவின் அடையாள அட்டையைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், பிறகு மாமாவைக் காட்டி அரைகுறைத் தமிழில், "இவர் உங்கட ட்றைவர்?" என்றான். மாமாவின் காது சிவந்துவிட்டது. ஊரில் சொல்லும் கதையில் இந்தப் பகுதி வராது.

அன்றிலிருந்து கார் போகுமிடமெல்லாம் அக்கா போனாள். அம்மாவுக்கு மூச்சு இழுத்தாலும் அக்கா போகவேண்டும். யாருக்காவது வயிற்றுக்குத்து வந்தாலும், பாம்பு கடித்தாலும், வாசலில் வந்து நின்று முதலில் அக்காவைத்தான் கேட்டார்கள். குளித்துக்கொண்டிருந்தவள் ஈரத்தலையோடு ஓடியிருக்கிறாள். முன்பின் தெரியாத பெண்களின் தலையை மடியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறாள். பின்னேரங்களில் சீற்றில் படிந்த இரத்தத்தைச் சவுக்காரம் போட்டுக் கழுவினாள்.

நான் பொறாமைப்பட்டேன். உண்மையைச் சொல்கிறேன். முன் சீற் எப்போதும் அவளுக்குத்தானா என்று கத்தி அழுதிருக்கிறேன். அம்மா எனக்கு ஒரு அடி போட்டாள்.

கம்பஸ் கடிதம் மாரிக்கு நடுவில் வந்தது. கண்டிப் பக்கம், விவசாயம். எங்கள் ஒழுங்கையிலிருந்து கம்பஸ் கிடைத்த முதல் பெண்பிள்ளை அவள். அக்கா ஒரு தகரப் பெட்டி வாங்கி, உள்ளே பழைய பேப்பர் விரித்து, உடுப்பு அடுக்கினாள். புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது எதிர்வீட்டு மச்சாளுக்கு வலி வந்தது. தலைப்பிள்ளை. அக்கா கூடப் போனாள். பிள்ளை நல்லபடி பிறந்தது. திரும்பி வந்தபோது வாசலில் ஒரு கூட்டம் நின்றது. இந்தப் பிள்ளை போய்விட்டால் காருக்கு என்ன செய்வது என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். இன்னும் இரண்டு பேர் மாதம் நிறைந்து இருக்கிறார்கள் என்றாள் ஒருத்தி.

"ஒரு கிழமை பொறு மனே," என்றார் மாமா. "பேரை மாத்திப்போட்டு உன்னைப் பஸ் ஏத்துறது எண்ட பொறுப்பு."

பெயர் மாற்றும் படிவத்தில் அக்கா அன்றைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். யாருக்கு மாற்றுவது என்ற இடம் வெறுமையாக இருந்தது. அம்மாவுக்கு மாற்றிப் பயனில்லை, முட்டுக்காரி ஊராரின் அவசரத்துக்கெல்லாம் காரில் ஏறி ஓடமுடியாது. ஓட்டுகிறவர் மாமா. ஆகவே மாமாவின் பெயரை எழுதவேண்டும். குழந்தைக்கும் விளங்கும் கணக்கு. மாமா படிவத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். கிழமை போனது. இன்னொரு கிழமையும் போனது. கொழும்புப் பாதை பூட்டு என்றார், கந்தோர் லீவு என்றார், கோயில் திருநாள் முடியட்டும் என்றார். அக்கா கம்பசுக்கு எழுதி ஒரு வருடத் தவணை வாங்கினாள்.

ஒருநாள் மத்தியானம் பெரியம்மா கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். மாமா பக்கத்தில் குந்தியிருந்தார். நான் செதில் பொறுக்க வந்த பூனையைப் பிடிக்கப் பதுங்கியிருந்தேன். அவர்கள் என்னைக் காணவில்லை.

"உங்கட பேருக்கு மாத்திவிடுங்களன் அண்ணன்," என்றாள் பெரியம்மா. "புள்ள போகட்டும்."

"எண்ட பேருக்கு மாத்தினா கார் ஆருக்குப் போகும்? எண்ட பொஞ்சாதிக்கு. மறுகா எண்ட மகள்மாருக்கு. மருமகளுக்கு வாங்கினதை மாமன் தன்ட வீட்டுக்குக் கொண்டு போயிட்டான் எண்டு ஊர் சொல்லும். அந்தப் பேச்சு எனக்கு வேணாம்."

"அப்ப அவள்ர படிப்பு?"

"அவளுக்கு என்ன குறை? வீடு இருக்கு, வளவு இருக்கு, கார் இருக்கு."

பெரியம்மா மீனைப் புரட்டிப் போட்டு வெட்டினாள்.

நான் பூனையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். நெஞ்சு நிறைந்திருந்தது. மாமாவைப் போல ஒரு நேர்மையான மனிசன் இந்த ஊரில் இல்லை, அக்காவின் சாமானில் ஒரு ஆணிகூட வேண்டாம் என்கிறாரே என்று நினைத்தேன். அக்காவிடம் இதைச் சொல்லவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. நல்ல செய்திதானே, சொல்ல என்ன இருக்கிறது? அவர் வேண்டாம் என்றது அக்காவின் காரை மட்டுமல்ல, அக்கா பஸ் ஏறுவதையும்தான் என்று விளங்க எனக்கு இன்னும் பத்து வருடம் தேவைப்பட்டது. அவர் நேர்மையானவர்தான். அந்த நேர்மைக்கு ஆன செலவை அவர் கொடுக்கவில்லை.

தவணை முடிந்தது. இடம் போய்விட்டது. அதற்குப் பிறகு எட்டு மாதத்தில் அந்தச் சட்டத்தையும் எடுத்துவிட்டார்கள், யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்றாகிவிட்டது. அக்கா கோயில் பாலர் வகுப்பில் படிப்பிக்கப் போனாள். இன்றைக்கும் அங்கேதான். தகரப் பெட்டியில் அரிசி போட்டு வைத்திருக்கிறாள். அம்மா எழுபது தாண்டி உயிரோடு இருந்தாள், கார் இல்லாவிட்டால் இருந்திருக்கமாட்டாள். அதை நான் மறுக்கவில்லை. எதிர்வீட்டு மச்சாளின் மகன் இன்று இன்ஜினியர். அதையும் மறுக்கவில்லை. அக்காவிடம் கேட்டால், "விடு புள்ள, பழைய கதை," என்கிறாள். அவளுக்கு விட முடிகிறது. எனக்கு முடியவில்லை.

மாமா, வருகிற மாதம் கோயில் மண்டபத்தில் உங்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள் என்று அழைப்பிதழ் வந்திருக்கிறது. 'யுத்த காலத்தில் தன் வாகனத்தால் ஊரைக் காத்தவர்' என்று அதில் அச்சடித்திருக்கிறார்கள். உங்களைக் கேட்காமல் அச்சடித்திருக்கமாட்டார்கள். நான் வருவேன். அக்காவையும் கூட்டிக்கொண்டு வருவேன். உங்களுக்கு எண்பது வயது என்பதற்காக நான் பேசாமல் இருக்கப்போவதில்லை. ஏற்புரைக்கு மைக்கை உங்கள் கையில் தருவார்கள். அக்கா கையெழுத்துப் போட்ட படிவத்தை ஏன் அனுப்பவில்லை என்று அந்த மைக்கில் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து என்னிடம் தனியாகச் சொல்லவேண்டாம். ஊர் என்ன சொல்லும் என்று பயந்துதான் செய்தீர்கள். ஊர் முழுக்க அங்கே இருக்கும். ஊருக்கே சொல்லுங்கள்.