மாதம்மாள் பாடிய தாலாட்டு

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நான் பேய்க் கதை எழுதுகிறவன் இல்லை. புதிதாக வரும் நாட்டுப்பாட்டு இசைத்தட்டுகளைக் கேட்டு, சென்னை வாரப் பத்திரிகை ஒன்றுக்கு விமர்சனம் எழுதுகிறவன். 1956 ஐப்பசியில், ஓசூரில் என் வீட்டுக்குள்ளேயே இது நடந்தது.

அந்த ஆவணியில்தான் எங்களுக்குப் பெண் பிறந்தாள். எட்டாம் நாள் போய்விட்டாள். அதுவரை வாய் திறந்து ஒருமுறைகூட அழவில்லை. அவள் குரலைக் கேட்கவே இல்லையே என்று என் மனைவி ருக்மணி உருகிப் போனாள். தூளியை அவிழ்க்க விடவில்லை. இரண்டு வாய்க் கஞ்சிக்கு மேல் இறங்கவில்லை. இவளும் போய்விடுவாளோ என்று பயந்துகொண்டே இருந்தேன்.

தட்டு விற்கும் ஏஜெண்டு திம்மப்பன் பெங்களூரிலிருந்து மூன்று தட்டுகள் கொண்டுவந்து கொடுத்தார். அன்று மாலை நல்ல மழை. கன்னடத் தட்டில் உடுக்கை அருமை. தெலுங்குத் தட்டில் ஆர்மோனியம் பாட்டையே விழுங்கிவிட்டது. மூன்றாவது, மத்தூர் மாதம்மாள் பாடிய தாலாட்டு. உள்ளே படுத்திருந்த ருக்மணியின் காதில் விழக் கூடாதென்று கதவைச் சாத்திவிட்டு அதை வைத்தேன்.

நல்ல குரல். பின்னால் தூளிக் கயிறு கிறீச்... கிறீச்... என்றது. கூடவே ஒரு குழந்தையின் அழுகை. தொண்டை கிழிய அழுதது. பாட்டைக் கெடுக்கிறதே என்று எரிச்சலோடு குறித்துக்கொண்டேன்.

கிராமபோனுக்குச் சாவி கொடுத்து மறுபடி வைத்தேன்.

அழுகை குறைந்திருந்தது...

தட்டில் பதிந்தது எப்படிக் குறையும்? ஊசியை மாற்றி மூன்றாம் முறை வைத்தேன். விசும்பல் மட்டும் கேட்டது.

பிறகு அதுவும் இல்லை.

பாட்டு முடிந்தது. தட்டு நின்றது.

கிறீச்... கிறீச்... நிற்கவில்லை.

கதவைத் திறந்தேன். ருக்மணி தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள். துணி கனத்துத் தொங்கியது.

"சத்தம் போடாதீங்க. எம்பொண்ணு அழுவறதக் கேட்டேங்க. இப்பத்தான் தூங்குறா."

எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. எங்கள் மகளாகவே இருக்கட்டும் என்று மட்டும் நெஞ்சு அடித்துக்கொண்டது.

மறுநாள் காலை திம்மப்பன் வந்தார். வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன்.

"அந்தம்மா பாடறப்ப பக்கத்துல கொழந்தை இருந்துச்சா?"

"இல்லைங்க. கயிறு சத்தம் வேணும்னு வெறும் தூளிதான் கட்டினாங்க. வெறும் தூளிக்குப் பாடக் கூடாதுன்னு மாதம்மா எவ்வளவோ சொல்லுச்சு. கம்பெனிக்காரங்க கேக்கல."

"அப்புறம்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "கைக்கொழந்தைய மத்தூர்ல விட்டுட்டு வந்திருந்துச்சுங்க. இது பெங்களூர்ல பாடுன நேரத்துல, அது அங்க பாலுக்கு அழுது அழுது... போயிடுச்சு. இன்னைக்கும் தூளியக் கட்டி வச்சுப் பாடிக்கிட்டே கெடக்கு. எம்புள்ள வரமாட்டேங்குதேன்னு அழுவுது."

அவரை அனுப்பிவிட்டு உள்ளே வந்தேன். ருக்மணி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள். ஆவணிக்குப் பிறகு அன்றுதான் அவள் முகத்தில் களை இருந்தது.

சொல்ல வாயெடுத்தேன்.

"பால் பத்தலைங்க," என்றாள். "சந்தைக்குப் போயி பூண்டு வாங்கிட்டு வாங்க."

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.