அம்மாவின் சிரிப்பும் மனோவசியக்காரரும்

ஊர்காவற்றுறையில் எங்கள் பள்ளிக்கூடப் பெற்றோர் விழாவுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மனோவசியக்காரர் வந்தார். மந்திரவாதியை எதிர்பார்த்திருந்த எங்களுக்கு, வங்கி முகாமையாளர் போல் கழுத்துப்பட்டி கட்டி வந்த அவரைப் பார்த்ததும் பெரிய ஏமாற்றம்.

அவர் எல்லோரையும் விரல்களைக் கோத்துக்கொள்ளச் சொன்னார். விரல்கள் ஒட்டுகின்றன, இறுகுகின்றன, இனிப் பிரிக்க ஏலாது என்று தாலாட்டுவதுபோல் திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு, "இப்ப இழுத்துப் பாருங்கோ" என்றார். என் விரல்கள் உடனே பிரிந்துவிட்டன. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும்கூட. பக்கத்தில் அம்மாவின் கைகள் ஒட்டியபடியே இருந்தன.

அப்படி ஒட்டியவர்களைத்தான் அவர் மேடைக்கு அழைத்தார். அம்மா எழுந்தபோது, எங்களோடு வந்திருந்த சித்தப்பாவின் முகம் மாறியது. கடலுக்குப் போன அப்பா திரும்பாத நாளிலிருந்து அம்மா கோயிலுக்கும் சந்தைக்கும் தவிர எங்கும் போனதில்லை. வீட்டில் வானொலியைக்கூடச் சத்தமாக வைத்ததில்லை.

மேடையில் எல்லோரையும் கண்களை மூடச் சொன்னார். குளிருது என்று அவர் சொன்னதும் பஸ் சாரதி ஒருவர் நடுங்கினார். அடுத்து மனோவசியக்காரர் அம்மாவிடம் வந்து, "ஒரு இறகு உங்கட கழுத்தைக் கூசப்பண்ணுது, அம்மா. சிரிப்பு வருது. அடக்க ஏலாது" என்றார்.

அம்மா சிரித்தார். முதலில் உதட்டோடு, பிறகு தோள்கள் குலுங்க, பிறகு வாய்விட்டு. கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். மண்டபம் ஒருகணம் திகைத்தது. பிறகு அதுவும் சேர்ந்து சிரித்தது. எனக்கு மட்டும் பயம். அம்மாவை எங்கோ கொண்டுபோய்விட்டார்கள் என்று நினைத்து மேடைக்கு ஓடி, அவருடைய முழங்காலைப் பிடித்து உலுக்கினேன்.

"அம்மா, எழும்புங்கோ!"

மூடிய கண்களைத் திறக்காமலே அம்மா குனிந்து, என் காதுக்குள் சொன்னார்:

"போய் இரு பிள்ளை. இன்னும் கொஞ்ச நேரம்."

அது அருகில் நின்ற மனோவசியக்காரருக்கும் கேட்டிருக்க வேண்டும். அவர் என்னைப் பார்த்தார். பிறகு சபையைப் பார்த்து, "இவவுக்கு இப்ப ஒண்டும் விளங்காது. நான் சொன்னால்தான் நிப்பாட்டுவா" என்றார். நிறுத்தச் சொல்லத்தான் அவர் அவசரப்படவில்லை.

கண் விழித்ததும் அம்மா, "என்ன நடந்தது?" என்று எல்லோரையும் கேட்டார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஊர்ப் பெண்கள் அவருக்கு அதை விவரித்தார்கள். சித்தப்பாகூட, "அண்ணி என்ன செய்யிறது, அது அந்த மனுசன்ர வேலை" என்று முடித்துக்கொண்டார்.

குசினியில் மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்த அம்மாவை நான் விடவில்லை.

"நீங்கள் நித்திரை இல்லைத்தானே?"

"இல்லை. எல்லாம் கேட்டது."

"அப்ப கை ஒட்டினது?"

"உண்மையா ஒட்டினதுதான். இழுத்தால் வரும் எண்டும் தெரியும். ஆனால் இழுக்க மனம் வரேல்லை."

"அப்ப ஏன் சிரிச்சனீங்கள்?"

அம்மா மீனைத் திருப்பிப் போட்டார்.

"அவர் சிரிக்கச் சொன்னவர், பிள்ளை."

அந்த மனிதர் சுத்தமான ஏமாற்றுக்காரர் என்று மறுநாளே வகுப்பில் சொல்லிவிடத் துடித்தேன். ஏனோ சொல்லவில்லை. அம்மா சிரிப்பதற்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் வந்து சொல்ல வேண்டியிருந்தது ஏன் என்ற கேள்வி மட்டும் அந்த வயதில் எனக்கு எழவே இல்லை.