தூக்கி வைக்காத கொட்டில்

யேசுரட்ணத்தைப் பற்றி ரொறன்ரோ மோர்னிங்சைட்டில் யாரைக் கேட்டாலும் நல்ல மனுசன் என்றுதான் சொல்வார்கள். கலியாண வீட்டில் கதிரை அடுக்க வேண்டுமா, செத்த வீட்டில் தேத்தண்ணி ஊற்ற வேண்டுமா, விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றிப் போக வேண்டுமா, முதல் ஆளாய் வந்து நிற்பார். ‘ஏலாது’ என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததை ஒருவரும் கேட்டதில்லை. எதைக் கேட்டாலும் ‘ஓம்’தான். அந்த ‘ஓம்’தான் மனுசனுடைய வியாதி என்பது அந்த ஜனவரி வரைக்கும் ஒருவருக்கும் பிடிபடவில்லை.

வேலை மிசிசாகாவில், ஒரு பெரிய களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவது. குளிர்காலச் சனிக்கிழமைகளில் விடியக் காலமையே காரை எடுத்துக்கொண்டு புறப்படுவார். கேட்பவர்களுக்கு “ஓவர்டைம்” என்பார். கார் மிசிசாகாப் பக்கம் திரும்பவே திரும்பாது. நேரே வடக்கே, சிம்கோ ஏரிக்குப் போகும். அங்கே உறைந்து கிடக்கும் ஏரியின்மேல் பலகையால் அடித்த ஒரு கொட்டில். அதற்குள் ஹீற்றரைக் கொளுத்தி, ஐஸிலே துளை போட்டு, தூண்டிலை இறக்கிவிட்டுப் பின்னேரம் வரை குந்தியிருப்பார். பிடிபடும் மீனை வீட்டுக்குக் கொண்டுவந்து, “வேலையிடத்திலை ஒரு வெள்ளைக்காரன் தந்தவன்” என்பார்.

மீன் பிடிப்பதை மறைக்கிற அளவுக்கு அதில் என்ன களவு இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். யேசுரட்ணம் குருநகர்க் கடற்கரையில், மீன் பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவர். மனைவி சந்திரவதனா தோட்டக்காணி வைத்திருந்த வீட்டுப் பிள்ளை. இருவரும் விரும்பிக் கட்டியபோது சந்திரவதனாவின் தம்பி ஸ்ரீஸ்கந்தராசா ஒரு வார்த்தை விட்டான்: “போயும் போயும் வலை இழுக்கிற வீட்டுக்கோ?” பிறகு எல்லாரும் ரொறன்ரோவுக்கு வந்து, சண்டை தீர்ந்து, ஒன்றாய்த் தின்று குடித்து, ஒருவர் வீட்டுக் கதவுத் திறப்பு மற்றவர் வீட்டு ஆணியில் தொங்குகிற அளவுக்கு ஒட்டிவிட்டார்கள். சொன்னவன் எப்போதோ மறந்துவிட்டான். கேட்டவர் மறக்கவில்லை. மனைவியின் ஆட்கள் முன்னால் மீன் பேச்சு வந்தால் யேசுரட்ணம் எழும்பிப்போய்த் தண்ணி குடிப்பார். கடையில் மீன் வாங்கினாலும் வெட்டித் துப்புரவாக்கியதைத்தான் வாங்குவார், ஏதோ வாழ்க்கையில் கத்தியே பிடிக்காதவர்போல.

கொட்டில் அவருடையதல்ல, சுஹைருடையது. சுஹைர் அஜின்கோர்ட்டில் இருப்பவன், டைல் பதிக்கிற வேலை. யேசுரட்ணம் வீட்டுக் குளியலறைக்கு வந்தவன், ஏரியைப் பற்றிச் சொல்லப்போய்ச் சிநேகிதனாகிவிட்டான். கொட்டிலைத் தன் கையாலேயே அடித்தவன். ஹீற்றருக்குப் பின்னால் சுவர் பற்றாமல் இருக்க, யாரோ வீட்டு வேலையில் மிஞ்சிய நீல டைலை வரிசையாய் ஒட்டியிருந்தான். அவன் மனைவி நூருல் இனாயா ரொட்டியும் சம்பலும் கட்டிக் கொடுத்துவிடுவாள். இரண்டு குளிர்காலம் அந்த நாலு பலகைக்குள் முழங்காலோடு முழங்கால் முட்ட இருந்து இருவரும் பேசாத கதை இல்லை. யேசுரட்ணம் வாய்விட்டுச் சிரிப்பதைக் கேட்க வேண்டுமென்றால் அந்தக் கொட்டிலுக்குத்தான் போக வேண்டும்.

மூன்றாவது குளிர்காலம் சுஹைருக்கு முழங்காலில் ஒப்பரேஷன். டைல் வேலைக்காரருக்கு முதலில் தேய்வது அதுதான். “அண்ணை, இந்த முறை கொட்டில் உங்கடை பொறுப்பு” என்றான். “ஓம் தம்பி, நீர் ஒண்டுக்கும் யோசியாதையும்” என்றார் இவர்.

கொட்டிலைக் காப்பது பெரிய வித்தை இல்லை. கீழால் காற்று வராமல் இருக்கச் சுற்றிவரப் பனியை அள்ளி அணைத்து வைப்பார்கள். குளிர் ஒரேயடியாய் நின்றால் அது நல்லது. நடுவில் ஐஸ் இளகி மழையும் பெய்தால், அணைத்த பனி தண்ணியாகிக் கொட்டிலின் காலடியில் தேங்கும். திரும்பக் குளிர் வந்ததும் அந்தத் தண்ணி கல்லாய் இறுகி, கொட்டிலைக் கவ்விக்கொள்ளும். பிறகு ஆட்ட முடியாது. ஆகவே இளக்கம் வருகிறது என்றால் உடனே போய்ச் சுற்றியிருக்கும் பனியை வெட்டி எறிந்து, ஒவ்வொரு மூலையையும் கார் தூக்குகிற ஜக்கால் தூக்கி, கீழே தடித்த மரக்கட்டை வைத்துவிட வேண்டும். ஒரு காலை நேரத்து வேலை. குளிர்காலம் முடிய முதல் ஏரியிலிருந்து எடுக்காத கொட்டிலுக்கு அரசாங்கம் சொந்தக்காரனைத்தான் பிடிக்கும். கொட்டில் சுவரில் பெரிதாய் எழுதியிருந்த பதிவு இலக்கம் சுஹைரின் பெயரில் இருந்தது.

ஜனவரி நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை சுஹைர் போன் எடுத்தான்.

“அண்ணை, நாளைக்கு முழுக்க மழையாம். ஞாயிறு பின்னேரம் திரும்ப மைனஸ் இருபதுக்குப் போகுதாம். கொட்டிலைத் தூக்கி வைக்கவேணும்.”

“ஓம் தம்பி, விடியவே போறன்.”

சொல்லும்போதே தெரியும், போக முடியாது. மறுநாள் ஸ்ரீஸ்கந்தராசாவின் மகள் சிவானி பெரியபிள்ளையானதற்குச் சாமத்திய வீடு. ஹோல் எடுத்து, மேடை சோடித்து, ஒரு வருடமாய்ப் பாடுபட்ட கொண்டாட்டம். விடியவே பலகாரத் தட்டுகளை ஏற்றிப் போகிற பொறுப்பு இவருக்கு. அதற்கும் ‘ஓம்’ சொல்லியிருந்தார். ‘எனக்கு ஏரியில் ஒரு வேலை இருக்கிறது, வேறு ஆளைப் பாருங்கோ’ என்று மச்சானிடம் சொல்லியிருக்கலாம். ‘நாளைக்கு ஏலாது, வேறு ஆரையும் கேளும்’ என்று சுஹைரிடமாவது சொல்லியிருக்கலாம். இரண்டு இடத்திலும் தலையை ஆட்டிவிட்டு மனுசன் போய்ப் படுத்துவிட்டார்.

ஹோல் வாசலில் ஜனவரியில் குடை பிடித்துக்கொண்டு சனம் இறங்கியது. சிவானியை மேடைக்குக் கூட்டிவந்து, ஆரத்தி எடுத்து, படம் எடுக்கிற அமளிக்குள் யேசுரட்ணத்தின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. பக்கத்தில் வேட்டி சால்வையோடு ஸ்ரீஸ்கந்தராசா, அவனைச் சுற்றி அவனுடைய ஆட்கள்.

“அண்ணை, கொட்டிலடிக்குப் போட்டீங்களோ? ஏனெண்டா…”

“ஓம் ஓம், செய்தாச்சு. பிறகு எடுக்கிறன்.” வைத்துவிட்டார்.

“ஆர் அத்தான்?” என்றான் ஸ்ரீஸ்கந்தராசா.

“வேலையிடத்து ஆள்.”

அந்த இரண்டு பொய்யும் சொல்லி முடிக்க மேளக்காரன் ஒரு தரம் மூச்சு விடுகிற நேரம்தான் எடுத்தது. ஞாயிறு காலமை போய்விடலாம், பொய்யை உண்மையாக்கிவிடலாம் என்று நினைத்தார். ஞாயிறு காலமை மச்சான் கூப்பிட்டு, மேடைச் சாமான்களைத் திருப்பிக் கொடுக்க ஒரு கை வேண்டும் என்றான். யேசுரட்ணம் ‘ஓம்’ என்றார். பின்னேரம் காற்று வடக்கே திரும்பி, தெருவில் ஓடிய தண்ணியெல்லாம் கண்ணாடியாய் இறுகியது.

செவ்வாய்க்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஏரிக்கு ஓடினார். ஐஸ் தடிப்பாய்த்தான் இருந்தது, நடக்கப் பயமில்லை. கொட்டிலைக் கண்டதும் கால் நின்றுவிட்டது. முழங்கால் உயரத்துக்குப் பலகை ஐஸுக்குள் புதைந்து, ஒரு பக்கம் சரிந்து, கதவு பாதியோடு சிறைப்பட்டு நின்றது. இரும்பு அலவாங்கால் குத்தினார். ஐஸ் சில்லுச் சில்லாய்த் தெறித்ததே ஒழிய விடவில்லை. ஆத்திரத்தில் ஒரு மூலைக்கு ஜக்கை வைத்து மிதித்தார். மூலை எழும்பவில்லை, சுவர்தான் படாரென்று பிளந்தது. உள்ளே நீல டைல்கள் விழுந்து நொறுங்கும் சத்தம் கேட்டது.

சத்தம் கேட்டு ஜூலியன் வந்தார். ஏரியில் பல வருடமாய்க் கொட்டில் போடுகிற வெள்ளைக்காரர். அவருடையது கொஞ்சம் தள்ளி, கட்டைகளின்மேல் ஒய்யாரமாய் நின்றது. பிளந்த சுவரைப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டு ஆங்கிலத்தில் சொன்னார்:

“சனிக்கிழமை நான் இங்கேதான் நின்றேன். ஒரே பனிப்புகார், பக்கத்துக் கொட்டில்கூடத் தெரியவில்லை. உங்களுடையதையும் தூக்கிவிடவா என்று சுஹைரைப் போனில் கேட்டேன். உங்களிடம் விசாரித்துவிட்டு, யேசு ஏற்கெனவே செய்துவிட்டார், நீங்கள் கஷ்டப்பட வேண்டாம் என்றான். அதனால்தான் வீட்டுக்குப் போய்விட்டேன்.”

யேசுரட்ணத்துக்கு அந்தக் குளிரிலும் காது இரண்டும் சுட்டது. ‘ஏனெண்டா’ என்று சுஹைர் இழுத்தது இதைச் சொல்லத்தான். ‘இல்லைத் தம்பி, போகேல்லை’ என்று சொல்லியிருந்தால் கொட்டில் பிழைத்திருக்கும். இவர் செய்யாமல் விட்டது போதாதென்று, செய்ய வந்தவரையும் வழியிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார். நல்ல மனுசன்!

நேரே அஜின்கோர்ட்டுக்குப் போனார். சுஹைர் காலைத் தலையணைமேல் நீட்டிக்கொண்டு சோஃபாவில் இருந்தான். நூருல் இனாயா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

“தம்பி, கொட்டில் ஐஸுக்குள்ளை இறுகிப் போச்சு. ஒரு பக்கச் சுவரும் வெடிச்சிட்டுது.”

“ஐயோ! நீங்கள் விழுந்து கிழுந்து போடேல்லையே?”

“இல்லை.”

“தூக்கி வைச்ச கொட்டில் எப்பிடி அண்ணை இறுகும்? கட்டை வழுக்கினதோ?”

வழியை அவனே திறந்துவிட்டான். ‘ஓம், கட்டை வழுக்கிப் போச்சு’ என்றால் கதை முடிந்தது. அந்த ‘ஓம்’ தொண்டை வரைக்கும் வந்தது. தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு யேசுரட்ணம் சொன்னார்:

“நான் போகவே இல்லை.”

“செய்தாச்செண்டு சொன்னீங்களே.”

“நீர் போன் எடுக்கேக்கை பக்கத்திலை மச்சான் நிண்டவர். நான் மீன் பிடிக்கப் போறனெண்டு அவையளுக்குத் தெரியாது. தெரிஞ்சால் வெக்கமெண்டு…”

சுஹைர் காலுக்குக் கீழே இருந்த தலையணையைச் சரிசெய்தான். பிறகு மெல்லக் கேட்டான்.

“அப்ப, போனிலை ஆரெண்டு அவர் கேக்கேல்லையோ?”

“கேட்டவர்.”

“என்ன சொன்னீங்கள்?”

“வேலையிடத்து ஆளெண்டு.”

சுஹைர் தலையை ஆட்டினான். கோபித்திருந்தால் யேசுரட்ணம் காலில் விழுந்திருப்பார். அவன் கோபிக்கவில்லை. “ரெண்டு விண்டர் ஒண்டா இருந்தனாங்கள் அண்ணை” என்றான். பிறகு, “தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ” என்றான்.

அந்தத் தேத்தண்ணியை எப்படி விழுங்கினார் என்று அவருக்கே தெரியாது.

ஐஸை அறுக்கச் செயின்சோவும் கொட்டிலை இழுக்கப் பெரிய வாகனமும் வேண்டும். இரண்டும் இருந்தது பனி தள்ளும் வேலை செய்கிற ஸ்ரீஸ்கந்தராசாவிடம்தான். காருக்குள் இருந்தே போன் எடுத்தார். “மச்சான், நான் சிம்கோவிலை மீன் பிடிக்கிறனான். ஒரு உதவி வேணும்.”

மறுமுனையில் சிரிப்பு. “உது எங்களுக்கு எப்பவோ தெரியும் அத்தான். உங்கடை வெள்ளைக்காரன் கிழமைக்குக் கிழமை ஐஸ் மணக்க மணக்க மீன் தாறான், நாங்கள் என்ன பேயரே? எந்த இடம், சொல்லுங்கோ.” வந்தான், அறுத்தான், இழுத்தான். ‘பழக்கம் விட்டுப்போகாது, என்ன?’ என்று ஒரு கேலியும் அடித்தான். இருபது வருடத்துக்கு மேலாய்ப் பயந்திருந்த கேலி, ஒரு கோப்பி குடித்து முடிவதற்குள் முடிந்துபோயிற்று. இதற்காகவா இவ்வளவு காலமும் ஒளித்தேன் என்று யேசுரட்ணம் நினைத்தார். வீட்டில் சந்திரவதனா வேறு, “நான் எப்ப உங்களை ஒளிக்கச் சொன்னனான்?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். கொட்டிலின் கூரையும் மூன்று சுவரும் மிஞ்சின. தரையை ஐஸோடு துண்டு துண்டாய்த்தான் எடுக்க முடிந்தது.

கோடையில் யேசுரட்ணம் பலகை வாங்கிக்கொண்டு போனார். சுஹைர் வீட்டு வாசலில் இருவருமாய்ப் புதுக் கொட்டில் அடித்தார்கள். சுஹைர் பழையதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ரொட்டி வந்தது, சம்பல் வந்தது, பழைய சிரிப்பு மட்டும் வரவில்லை.

அடுத்த குளிர்காலமும் சுஹைரின் முழங்கால் பனிக்கு ஒத்துவரவில்லை. பெப்ரவரியில் இளக்கம் வருகிறது என்று வானிலை சொன்ன அன்றே, சுஹைர் கேட்க முதலே யேசுரட்ணம் ஏரிக்குப் போனார். பனியை வெட்டி எறிந்து, நாலு மூலையும் தூக்கி, கட்டை வைத்து, கயிறும் இழுத்துக் கட்டினார். பிறகு போன் எடுத்தார்.

“தம்பி, செய்தாச்சு.”

“சந்தோசம் அண்ணை. பெரிய உபகாரம்.”

தூறலுக்குள் நின்று கையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது ஜூலியன் வந்தார். எப்போதும் முதுகில் தட்டுகிறவர், இன்றைக்குத் தட்டவில்லை. குனிந்து ஒவ்வொரு மூலையாய்க் கொட்டிலின் கீழே பார்த்தார். போனை எடுத்துப் படம் பிடித்தார். நிமிர்ந்தபோது இவர் முகத்தைப் பார்க்காமல், “சுஹைர் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லச் சொன்னான்” என்றார்.

“பாருங்கள்” என்றார் யேசுரட்ணம். நாலாவது மூலையை மறைத்துக்கொண்டு சாத்தியிருந்த பனி அள்ளும் சவளைத் தானே எடுத்து அப்பால் வைத்தார்.