வலிக்காத முள்

எங்கள் ஊரில் அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை எல்லைக்குள் யாரும் செருப்புப் போடக் கூடாது. கலெக்டரே வந்தாலும் கழற்றித்தான் ஆக வேண்டும் என்று பெருமையடிப்போம். ஜவ்வாது மலையில், பஸ்ஸே ஒழுங்காக வராத ஊருக்குக் கலெக்டர் எதற்கு வரப்போகிறார்? கழற்றியது எங்கள் மறைக்கல்வி டீச்சர்தான்.

கலசப்பாக்கத்துக்காரர். மிஷன் பள்ளியில் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வியும், எங்களைப் போன்ற மற்றவர்களுக்கு நன்னெறியும் நடத்துவார். அவருடைய அறை எல்லைக்கு அந்தப் பக்கம், பள்ளி இந்தப் பக்கம். அந்த வருடம் காப்புக் கட்டிய மறுநாள், செருப்பை எல்லைக்கல் அருகே விட்டுவிட்டு வெறுங்காலோடு வந்து நின்றார்.

பள்ளியில் சமையல் வேலை பார்த்த என் அம்மா பதறிப்போனாள்.

"இன்னா டீச்சர் இது? ஒங்களுக்கு சக்கர இருக்குது. செருப்பு போட்டுக்கோங்க. ஊர்ல யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"மத்தவங்க சாமிய மதிக்கணும்னு புள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்குறேன். நானே செருப்போட போனா அதுங்க இன்னா நெனைக்கும்?"

எனக்கோ தலைகால் புரியவில்லை. எங்கள் அம்மன் டீச்சரையே பணியவைத்துவிட்டாள் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒருநாள் வகுப்பில் அவர் நடந்த இடமெல்லாம் ரத்தக்கறை. நான்தான் முதலில் பார்த்துச் சொன்னேன். பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். நீளமான காரைமுள் ஒன்று முழுசாக உள்ளே போயிருந்தது. பிடுங்கிப் போட்டார்.

"வலிக்கலையா டீச்சர்?"

"இல்லியே," என்றார், அவருக்கே ஆச்சரியமாக.

போதாதா எனக்கு? தீ மிதிக்கிறவர்களுக்குச் சுடாத மாதிரி டீச்சருக்கும் அம்மன் அருள் வந்துவிட்டது என்று அடுத்த கதையைக் கிளப்பிவிட்டேன். அம்மா தினமும் மஞ்சள் அரைத்துக் கட்டினாள், கீழே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று கெஞ்சினாள். திருவிழா முடியட்டும் என்று டீச்சர் தள்ளிப்போட்டார். கட்டிய கட்டோடு, வெறுங்காலோடுதான் வந்து போனார். காப்பு அவிழ்த்தபோது கால் கறுத்து வீங்கியிருந்தது. ஜீப்பில் தூக்கிப் போட்டு வேலூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனாள். டீச்சர் கட்டிலில் சாய்ந்திருந்தார். போர்வைக்குக் கீழே ஒரு பாதம்தான் தெரிந்தது. அம்மா போர்வையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டே இருந்தாள். யாராவது பேச வேண்டுமே என்று நான் கேட்டேன்.

"அடுத்த திருவிழாக்கு வருவீங்களா டீச்சர்?"

"வராம இருப்பனா? இனிமே ஒத்தச் செருப்பு கழட்டுனா போதும்டி எனக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

டீச்சரே சிரிக்கும்போது என்னை மட்டும் எதற்கு அடித்தாய் என்று பஸ் மலையேறி முடிக்கும்வரை கேட்டுக் கேட்டு அழுதேன். அம்மா ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.