சுப்பையனின் சொந்த வண்டி

சுப்பையன் இருபத்திரண்டு வருஷம் வண்டி ஓட்டினார். அதில் ஒரு நாள்கூட ஓட்டியது தன் வண்டியை இல்லை. மலாயாவில் ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் துரைக்கு டிரைவர். துரை ஏறினால் ஓட்டுவார், இறங்கினால் துடைப்பார். கணக்குப் பார்த்தால் துடைத்ததுதான் அதிகம். அந்தத் துரைக்கு ஒரு பழக்கம் இருந்தது. காலையில் ஏறுமுன் சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து மட்கார்டில் ஓர் இழுப்பு இழுப்பார். திட்ட மாட்டார், கத்த மாட்டார். அழுக்குப் பட்ட கைக்குட்டையை விரித்துக் காட்டுவார், அவ்வளவுதான். அதற்கே சுப்பையனுக்குப் பாதி உயிர் போய்விடும். எங்காவது கறையைக் கண்டால் கை தானாகத் துணியைத் தேடுகிற வியாதி அவருக்கு அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

ஐம்பத்தாறில் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. துரைக்குக் கப்பல் டிக்கெட் வந்துவிட்டது. துண்டு துண்டாக வாங்கிய புது முதலாளிகளில் ஒருவருக்கும் டிரைவர் தேவைப்படவில்லை. போகிற போக்கில் துரை சுப்பையனைக் கூப்பிட்டு, ரப்பர் உலர்த்தும் புகைவீட்டுக்குப் பின்னால் கிடந்த பழைய பிக்கப்பைக் காட்டி, நீயே வைத்துக்கொள் என்றார். இன்ன எண்ணுள்ள வண்டியை என் டிரைவருக்குக் கொடுத்தேன் என்று ஒரு கடுதாசியும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இருபத்திரண்டு வருஷ உழைப்புக்குக் கிடைத்தது அதுதான். சுப்பையனோ ராஜ்ஜியமே கிடைத்துவிட்டது போலக் கும்பிட்டார்.

ராஜ்ஜியத்தின் லட்சணத்தையும் சொல்லிவிட வேண்டும். முப்பத்தாறாம் வருஷத்து அமெரிக்க வண்டி. முன்னால் இருவர் உட்காரலாம், பின்னால் சாமான் ஏற்றத் திறந்த தட்டு. யுத்த காலத்தில் ஜப்பான்காரர்கள் அதைப் பிடுங்கிக்கொண்டு போய், வேறு ஏதோ லாரியின் எஞ்சினைக் கழற்றி அதில் மாட்டி, மூன்றரை வருஷம் முறித்து எடுத்துவிட்டு ரோட்டோரத்தில் போட்டுவிட்டுப் போனார்கள். அதன் பதிவுப் புத்தகமும் அந்தக் குழப்பத்தில் போயிற்று. பிறகு துரை புது ஜீப் வாங்கிவிட, பிக்கப் ஆறு வருஷம் மழையில் நனைந்தது. கதவில் விரலை வைத்தால் விரல் உள்ளே போயிற்று. தட்டில் சேம்பு முளைத்துக் கிடந்தது.

அதை இழுத்துக்கொண்டு அவரும் மனைவி கமலவேணியும் மலாக்கா டவுனுக்கு வந்து, காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டின் பின்பாதியில் வாடகைக்குக் குடியேறினார்கள். ஒரே மகளைக் கிள்ளானில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. வீட்டுக்காரர் நடராஜன் மலாக்காச் செட்டி சமூகத்தவர். பெயர் தமிழ், கும்பிடுகிற சாமி நம் சாமி, பேச்சு மட்டும் மலாய். சுப்பையனின் தோட்டத்து மலாயும் அவருடைய வீட்டு மலாயும் பாதி வழியில் சந்தித்துச் சமாளித்துக்கொண்டன. வண்டியைப் பார்த்த நடராஜன் தலையைச் சொறிந்தார். ஆனாலும் கொல்லையில் இருந்த இரண்டு வாழைமரத்தை வெட்டி இடம் விட்டார்.

டவுனில் நாற்பத்தொன்பது வயது டிரைவருக்கு வேலை கொடுக்க ஆள் இல்லை. அவர் பகலில் லாரியில் மூட்டை ஏற்றினார். கமலவேணி சீனர் வீடுகளில் துணி துவைத்தாள். முதுகு எத்தனை நாளைக்கு மூட்டை தாங்கும் என்று இருவருக்கும் தெரியும், பேசிக்கொள்ளத்தான் இல்லை. பாசாரில் மொத்தக் காய்கறி வியாபாரம் செய்த கலியாணசுந்தரம்தான் ஒரு வழி காட்டினார். ஆயர் குரோ பக்கத்துத் தோட்டங்களிலிருந்து தினமும் காய் ஏற்றி வர அவருக்கு வண்டி தேவைப்பட்டது.

"வண்டிய ரோட்டுக்குக் கொண்டாந்துருங்கண்ணே, வேல ஒங்களுக்குத்தான். ஆனா அடுத்த தீவாளி வரைக்கும்தான் பாப்பேன், சொல்லிட்டேன்" என்றார் அவர்.

அந்த ஒரு வார்த்தைக்காகச் சுப்பையன் பதினொரு மாதம் அந்த வண்டியோடு மல்லுக்கட்டினார். பொழுது சாயும் நேரமும் ஞாயிற்றுக்கிழமையும் அதற்கே போயின. மண்ணெண்ணெய் டின்னை வெட்டித் தட்டிக் கதவின் ஓட்டைகளை அடைத்தார். பெட்டிப் பலகையால் தட்டு போட்டார். பற்றவைக்கிற வேலைக்கு ஜாலான் பெண்டஹாரா தெருவுக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த தியாகு வந்தான். துருவைச் சுரண்டுவதில் மட்டும் யாரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. கம்பி பிரஷ், உப்புக்காகிதம், அரம் என்று வரிசையாகப் போட்டுத் தேய்த்தார். கீழே வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் வலப்பக்கம் ஒரு சாண் நீளத்துக்குப் புள்ளி புள்ளியாகக் குழி விழுந்திருந்தது. துரு தின்ற தழும்பு என்று நினைத்து அரத்தால் ராவிச் சமமாக்கி, கறுப்புப் பெயின்ட் அடித்தார். அடித்துவிட்டுத் தன் துண்டின் நுனியால் ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்தார். சுத்தம்.

"துரையே வந்தாலும் கொற சொல்ல முடியாது" என்றார்.

"அவரு ஊருக்குப் போயே பத்து மாசமாச்சு. இன்னும் அவருக்கே தொடைச்சுக்கிட்டு இருங்க" என்றாள் கமலவேணி.

அப்படிக் கேலி செய்தவளும் சும்மா இருக்கவில்லை. வந்த முதல் வாரமே, முன் மூடியைத் திறந்தால் உள்ளே தெரியும் ஓர் உள்ளங்கையளவு தகட்டைக் கண்டுபிடித்துவிட்டாள். களிம்பேறிப் பச்சையாக இருந்தது.

"என்னாங்க, இது பித்தளைங்க. இத நான் பாத்துக்கிறேன்."

வெள்ளிக்கிழமை குத்துவிளக்கும் செம்பும் விளக்குகிற கையோடு, புளியும் சாம்பலும் செங்கல் தூளும் எடுத்துக்கொண்டு வந்து அதையும் தேய்த்தாள். முதல் வெள்ளிக்கிழமை களிம்பு போய் மெல்லிய கீறலாக ஏதோ இங்கிலீஷ் எழுத்துகள் தெரிந்தன. அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவருக்கு மட்டும் தெரியுமா? வண்டியில் தன் கைக்கென்று ஒரு வேலை கிடைத்ததே என்று அவளுக்குச் சந்தோஷம். அவள் சந்தோஷத்தைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். இது கல்கூட இல்லை, மெல்லிய தகடு. ஊர்ந்ததோ துணி துவைத்து உரமேறிய கை. நாற்பது வெள்ளிக்கிழமைக்கு மேல் ஊர்ந்தது.

இந்த இடத்தில் யாராவது குறுக்கே வந்து கையைப் பிடித்திருக்கக் கூடாதா என்று இருக்கிறது. யாரும் வரவில்லை.

மெர்டேக்கா என்ற சுதந்திரம் வந்தது. நடராஜன் வீட்டு ரேடியோவில் எல்லோரும் கூடிக் கேட்டார்கள். அது முடிந்து மூன்றாம் வாரம் பிக்கப்பின் எஞ்சின் முதன்முதலாக அணையாமல் ஓடியது. வண்டியைப் பதிவு அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டித் திரும்புவதற்கு மட்டும் ஒரு நாள் அனுமதிச் சீட்டு வாங்கினார்கள். விண்ணப்பப் பாரத்தை நடராஜன் நிரப்பிக் கொடுத்தார்.

"சாயங்காலம் ரெடியா இரு வேணி. பாஸாயிரும். கிளேபாங் கடற்கரைக்கு ஒரு சவாரி போவோம்" என்று சொல்லிவிட்டுச் சுப்பையன் கிளம்பினார். தெருவே நின்று பார்த்தது. பச்சைப் பெயின்ட் வெயிலில் மின்னியது.

அலுவலகத்தில் இருந்தவர் ஓர் இளம் மலாய் அதிகாரி. நல்ல மனிதர், அதில்தான் கஷ்டமே. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டாவது வந்திருக்கலாம். வண்டியைச் சுற்றி வந்து மெச்சினார். கடுதாசியை வாங்கிப் படித்தார். பழைய பேரேட்டைத் தேடி எடுத்து, அதே எண் அதிலும் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினார். இனி வண்டி செய்த கம்பெனி அதில் பொறித்த எண்ணைப் பார்த்தால் போதும், அரை மணி நேர வேலை என்றார். முன் மூடியைத் திறந்தார்.

உள்ளே தகடு தங்கம் போல ஜொலித்தது. அதிகாரி குனிந்தார், தகட்டில் அவருடைய முகம் தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. கையால் தடவினார். பூதக்கண்ணாடி கொண்டுவரச் சொன்னார். ஓரத்தில் ஏழு போல ஒரு கோடு இருந்தது, அதுவும் ஏழுதானா என்று சொல்ல முடியவில்லை. பிறகு தரையில் படுத்துச் சட்டத்தின் வலப்பக்கம் பார்த்தார். கறுப்புப் பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்தார். கண்ணாடி போல வழுவழுப்பு.

அவர் எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, மலாயில் மெதுவாகக் கேட்டார்: "பாக்சிக், இங்கே இருந்த எண்ணை யார் அழித்தது?"

பெரியவரே என்று மரியாதையாகத்தான் கேட்டார். சுப்பையனுக்கு அப்போதுதான் புரிந்தது. கீழே தான் ராவிய தழும்பு கண்முன் வந்தது. மேலே நாற்பது வெள்ளிக்கிழமையும் ஒன்றாக வந்தது.

"நான்தான் ஐயா. ரெண்டையும் நான்தான் தேய்த்தேன். சுத்தமாக இருக்க வேண்டுமென்று தேய்த்தேன்" என்றார்.

திருட்டு வண்டியின் எண்ணைத்தான் அழிப்பார்கள் என்று அதிகாரி சொல்லவில்லை. சொல்லாமலே அது அந்த இடத்தில் நின்றது. எஞ்சின் எண்ணோ ஜப்பான்காரன் மாட்டிய வேறு லாரியினுடையது. எண் காணப்படவில்லை என்று அவர் கோப்பில் எழுதி முத்திரை வைத்தார். எழுதும்போது அவர் முகமும் வாடித்தான் இருந்தது.

சுப்பையன் வீடு திரும்பியபோது கமலவேணி மாம்பழக்கலர்ச் சேலை கட்டி, பூ வைத்து வாசலில் நின்றாள். சீட்டு அலுவலகத்துக்குப் போய்வர மட்டுந்தான், கிளேபாங்குக்குச் செல்லாது. அவர் எஞ்சினை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"வண்டியில ஒரு நம்பர் இருக்கணுமாம் வேணி. அடியில சட்டத்துல இருந்துச்சாம். துரு தின்னுடுச்சு" என்றார்.

"அடப்பாவி துருவே" என்றாள் அவள். பிறகு உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு அடுப்பை மூட்டினாள்.

மறுநாள் தியாகு கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "போறதுக்கு முந்தி என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாண்ணே? கடுதாசியில இருக்கிற அதே நம்பரு, அஞ்சு நிமிஷத்துல அடிச்சுக் குடுத்துருப்பேன். இப்ப இல்லன்னு எழுதிட்டாங்களே, இனிமே அடிச்சா நம்ம கையில வெலங்குதான்."

அந்த மாதம்தான் சுப்பையனுக்குக் குடியுரிமைப் பத்திரம் வந்தது. அவருக்கும் பிறந்த சீட்டு கிடையாது. இவர் இன்னார், இந்த நாட்டில் இத்தனை வருஷமாக இருக்கிறார், எனக்குத் தெரியும் என்று ஒரு வருஷப் பழக்கத்தை வைத்தே நடராஜனும் தியாகுவும் கையெழுத்துப் போட்டார்கள், அரசாங்கம் ஒத்துக்கொண்டது. பத்திரத்தைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு ஒரு யோசனை வந்தது. தண்ணீரில் போகிறவன் புல்லையும் பிடிப்பான். மறுநாளே இருவரையும் அழைத்துக்கொண்டு அதே அலுவலகத்துக்குப் போனார். நடராஜன் விசேஷ நாளில் மட்டும் போடும், வெள்ளி ஊசி குத்திய நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

"இவர்கள் சொன்னதை நம்பித்தான் நான் இன்னாரென்று ஒத்துக்கொண்டீர்கள். இந்த வண்டிதான் அந்த வண்டி என்றும் இவர்கள் சொல்வார்கள். கேளுங்கள் ஐயா" என்றார் சுப்பையன்.

இருவரும் சொன்னார்கள். நடராஜன் கோயிலில் சத்தியம் செய்யவும் தயார் என்றார். பின் மேசையில் யாரோ சிரித்தார்கள். அந்த அதிகாரி சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு மூவரையும் உட்காரச் சொன்னார். ஆளுக்குச் சாட்சி போதும், வண்டிக்கு எண்தான் வேண்டும், சட்டம் அப்படி இருக்கிறது, நான் என்ன செய்யட்டும் பாக்சிக் என்றார். துரைக்கு எழுதிப் பார்க்கலாமா என்று அவரே கேட்டார். துரை எந்த ஊரில் இறங்கினார் என்று சுப்பையனுக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருஷம் அவர் போகச் சொன்ன இடத்துக்கெல்லாம் ஓட்டியவர், அவருடைய விலாசத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

தீபாவளி வந்து போயிற்று. கலியாணசுந்தரம் இன்னும் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு வேறு லாரிக்காரரை வைத்துக்கொண்டு, சுப்பையனை நேரில் பார்த்து வருத்தம் சொன்னார். அந்த லாரியில் காய் மூட்டை ஏற்றி இறக்கும் வேலையைச் சுப்பையனுக்குக் கேட்டு வாங்கியும் கொடுத்தார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று சும்மாவா சொன்னார்கள்.

தை பிறந்ததும் கிளேபாங்கிலிருந்து ஒரு மீன்பிடிக்காரர் எஞ்சினைப் பார்க்க வந்தார். படகுக்கு எண் பார்ப்பவர் யாருமில்லை. ஒரே இழுப்பில் எஞ்சின் ஓடியதைக் கேட்டு அவருக்கு ஒரே ஆச்சரியம், பேரம்கூடப் பேசவில்லை. கொல்லையில் தியாகு கப்பியும் சங்கிலியும் மாட்டி எஞ்சினைத் தூக்கினான். இடைஞ்சலாக இருந்த பித்தளைத் தகட்டைத் திருகாணி கழற்றி எடுத்து ஓரமாக வைத்தான். எல்லோரும் போன பிறகு கமலவேணி அதை எடுத்துக்கொண்டு வந்து, வாசற்படியில் உட்கார்ந்திருந்த கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னாங்க, மொத வெள்ளிக்கெழம தேய்ச்சப்ப இதுல எழுத்து இருந்துச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அந்த நம்பரு இதுலயும் இருந்துச்சா?"

இல்லை என்றுதான் சொல்ல நினைத்தார். அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு அது வரவில்லை.

"இருந்துச்சு. இதயும் துரு தின்னுடுச்சு வேணி."

கமலவேணி தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சீனர் வீட்டுச் சோடா உப்பில் வெந்து தோலுரிந்த விரலால் அதை ஒருமுறை தடவினாள்.

"பித்தளையில ஏதுங்க துரு?" என்றாள்.