கார் ஓடாத ஞாயிறுகள்

இப்போது லினக்ஸிலும் கேம்கள் நன்றாக ஓடுகின்றன என்கிறார்கள். ஓடட்டும். நான் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸை வீட்டில் போட்டது தொண்ணூறுகளின் கடைசியில்.

அப்போது கோவையில் ஒரு பம்பு மோட்டார் பட்டறையில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தேன். பீளமேட்டில் தனியாகக் குடியிருந்தேன். என்னிடம் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அதில் ஒரு கார் பந்தய கேம். அதற்காகவே பட்டறையில் லேத் ஓட்டுகிறவரும் அவருடைய மச்சானும் ஞாயிற்றுக்கிழமை மதியம் வருவார்கள். மச்சான் ஓட்டினால் லேத்காரர் சும்மா இருக்க மாட்டார்.

"ஏம் மாப்ள, வால்பாறை பஸ்ஸா ஓட்டற? வளைவுக்கு வளைவு நின்னு நின்னு போற."

"நீ ஓட்டுனா பஸ்ஸே பள்ளத்துலதான் கெடக்கும். பேசாம டீயைக் குடி."

நான் விளையாட மாட்டேன். டீ போட்டுக் கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். வாரம் முழுக்க என் வீட்டில் கேட்கும் பேச்சு அவ்வளவுதான்.

மச்சான் கொண்டுவரும் பிளாப்பிகளால் வைரஸ் வந்து கம்ப்யூட்டர் அடிக்கடி படுத்துக்கொண்டது. இப்படியே போனால் அவர்கள் வருவது நின்றுவிடுமோ என்று பயந்தேன். காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர், "லினக்ஸ் போட்டுக்கங்க, வைரஸ் தொந்தரவே இல்லீங்க" என்றார். அதில் கேம் உண்டா என்று கேட்டேன். "நெறைய இருக்குதுங்க" என்றார். என்ன கேம் என்று மேலே கேட்கக் கூச்சமாக இருந்தது.

சீட்டாட்டம் இருந்தது. கண்ணிவெடி தேடுவது, கட்டம் அடுக்குவது இருந்தன. கார் கேமின் சிடியைப் போட்டால் கார் கிளம்பவில்லை. ஸ்பீக்கரிலும் சத்தம் வரவில்லை.

அந்த ஞாயிறு இருவரும் கொஞ்ச நேரம் சீட்டாடினார்கள். கிண்டல் எதுவும் இல்லை. "நல்லாருக்குதுங்க" என்றார் லேத்காரர். "சீட்டெல்லாம் பளிச்சுனு தெரியுதுங்க" என்றார் மச்சான். நம்பிவிட்டேன். ஒருவர் வீட்டில் டீ குடித்துவிட்டு அங்கே இருப்பதை நன்றாக இல்லை என்று சொல்வது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. நானும் சொல்ல மாட்டேன். அது அப்போது தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அன்னூரில் ஒரு விசேஷம் என்றார் லேத்காரர். அதற்கடுத்த வாரம் தோட்டத்தில் வேலை. நான் சீட்டாடிக்கொண்டிருந்தேன். தனியாக ஆடுவதற்கு லினக்ஸில் குறை ஒன்றும் இல்லை.

மறுபடியும் காந்திபுரம் போனேன்.

"ஏனுங்க, நல்லாத்தானுங்களே ஓடுது?"

"நல்லா ஓடுதுங்க. பழசையே போட்டுக் குடுத்துருங்க."

மறுநாள் பட்டறையில் லேத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த வாக்கியம்தான். "கார் கேம் திரும்ப ஓடுதுங்க." மெஷின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். இன்னொரு முறை சொன்னேன்.

"அப்படீங்களா. வாரோமுங்க."

அன்றைக்கு நல்லாருக்குதுங்க என்று சொன்ன அதே குரல்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருக்குப் பால் வாங்கினேன். கம்ப்யூட்டரைப் போட்டு, காரைக் கோட்டில் நிறுத்தி வைத்தேன். இன்ஜின் சத்தம் தெருவரைக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைக் கூட்டினேன்.